மணி தனி, கற்பூரம் தனி: லில்லி மிஸ்ஸி

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் கிள்ளான் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் கணவர், ஆறு வயது மீனா, எட்டு மாதக் குமரன், வாசலில் கிளினிக் டிரைவர் அங்கிள். "லில்லி மிஸ்ஸி போயிட்டாங்கம்மா, நெஞ்சுவலி" என்றார் அவர். அப்பாவின் முகத்தைப் பார்த்த மீனா, "மிஸ்ஸிக்கு என்னப்பா?" என்று கேட்டாள். அப்படி அவளைக் கேட்க வைத்ததே மிஸ்ஸிதான்.

எங்கள் கிளினிக் நர்ஸ் லில்லி மிஸ்ஸியுடன் வேலை செய்த நர்ஸ்மார்களுக்கு இதை எழுதுகிறேன். பள்ளியில் அதிகம் படித்தவள் அல்ல; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்பு, ஒன்பது மாத மீனாவை மடியில் வைத்துக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்று மிஸ்ஸி கிலுகிலுப்பையை ஆட்டினார். ஒவ்வொரு முறையும் நான் திரும்பினேன். என் முழங்கால் திரும்பியது. அதோடு பிள்ளையும் திரும்பியது. மிஸ்ஸி முன்னால் வந்து சொன்னார்: "உங்க காது நல்லாவே கேக்குதும்மா. பிள்ளையோடதுதான் இன்னும் தெரியல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தினம் பூஜை மணிக்குத் திரும்பிக் கும்பிடுறா மிஸ்ஸி!"

"அப்படியா? நாளைக்கு வீட்டுக்கே வரேன்."

வந்தார். பொத்தானை அழுத்தினால் தண்ணீர் கொதிக்கும் கேத்தல்போல விசிலடிக்கும் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து, மீனாவின் முதுகுக்குப் பின்னால் அழுத்தினார். மீனா பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கொல்லையிலிருந்து என் கணவர், "கேத்தல் கொதிக்குது லா! யாராச்சும் அடுப்ப அடைங்க!" என்று கத்தினார்.

"வீட்ல மத்த எல்லாரும் பாஸ்" என்றார் மிஸ்ஸி.

விடுவேனா? கற்பூரம் ஏற்றி மணியடித்தேன். மீனா திரும்பிக் கைகூப்பினாள். நான் ஜெயித்தவள்போல மிஸ்ஸியைப் பார்த்தேன்.

"இப்ப கற்பூரம் வேணாம். பின்னால நின்னு மணி மட்டும் அடிங்க."

"ரெண்டையும் பிரிச்சா சாமி குத்தம் மிஸ்ஸி!"

"லில்லிதான் சொன்னான்னு என்னை மாட்டிவிடுங்க."

அடித்தேன். மீனா சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை வலிக்க அடித்தேன். பல்லி ஓடியது, மீனா திரும்பவில்லை. பிறகு மிஸ்ஸி சத்தமில்லாமல் கற்பூரத்தை ஏற்றி அவள் முன் காட்டினார். சின்னக் கைகள் உடனே குவிந்தன.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதும் மணியை ஆட்டிக்கொண்டே இருந்தேனாம். மிஸ்ஸிதான் கையிலிருந்து வாங்கி வைத்தார். "நம்பிக்கைய சாமிகிட்ட வைங்க. காதை மட்டும் சோதிச்சுப் பாத்துடுங்க" என்றார்.

முதல் பிறந்தநாளுக்குள் மீனாவுக்குக் காது மெஷின் மாட்டினார்கள். அவள் அதைக் கழற்றி அரிசித் தொட்டியில் ஒளித்தாள். "அரிசி கேட்டது போதும், எடுத்து மாட்டுங்க" என்றார் மிஸ்ஸி. பிற்பாடு மீனா பேசத் தொடங்கி, நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனபோது, "இவளை நான் கண்டுபிடிக்காமலே விட்டிருக்கலாம் போல" என்று தலையில் கைவைத்துச் சிரித்தார்.

குமரனுக்கு எல்லாம் கேட்கிறது என்கிறார் என் கணவர். "கதவைச் சாத்துனா முழிக்கிறான் பாரு." கதவைச் சாத்தினால் கட்டிலும் அதிர்கிறதே என்கிறேன் நான். மிஸ்ஸியிடமிருந்து என்னிடம் தங்கியது இந்தச் சந்தேகம்தான். பிரார்த்தனையோடு சேர்த்து இதையும் தினம் வைத்துக்கொள்கிறேன்.

அக்காவுக்குக் காதில் குறை இருப்பதால் தம்பிக்கும் பார்த்தே ஆகவேண்டும் என்று, வரும் சனிக்கிழமை வருவதாக மிஸ்ஸி சொல்லியிருந்தார். இப்போது உங்களில் யார் வந்து குமரனைப் பார்ப்பீர்கள்? தயவுசெய்து இந்த வாரத்துக்குள் பதில் எழுதுங்கள்.