மருந்து கலக்கத் தெரியும்

வெடிக்குக் காகிதக் குழல் உருட்டிக்கொண்டே நடுநடுவே எழுதுகிறேன். தாளில் பசை ஒட்டியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டாசு வேலைக்குக் கை போதும், வாய் வேண்டாம். அதனால்தான் கூச்சக்காரியான எனக்கு அது ஒத்துவந்தது. வேறு வேலைக்கு மனுப் போட்டால் வாய் வேண்டுமாம். போட்டு நின்றவர்களுக்கு என் பாடு தெரியும்.

மகள் பிறந்ததும் கம்பெனிக்குப் போவதை நிறுத்தி, வீட்டிலிருந்தே குழல் உருட்டுகிறேன். வருகிற திங்கள்கிழமை திரும்பவும் கம்பெனி வேனில் ஏற வேண்டும். மருந்து வாடைக் கையோடு அவளைத் தூக்க மனசில்லை. அப்போதுதான் ஒரு காலேஜ் லேபில் பட்டாசுத் தூசியை ஆராய்ச்சி செய்ய உதவிக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரிந்து, பட்டாசு வேலையும் தெரிந்தால் போதுமாம். நான் ஆறாப்பு.

மனு

'தெரிந்த வேலை' என்ற இடத்தில், 'ஐந்து வருசம் மருந்து கலந்திருக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தேன். ஆபீஸ் கிளார்க் வெளியூர்க்காரர். படித்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கையை நீட்டினார். ரெண்டு மாசமாக அரிப்பாம். என்ன தடவலாம் என்று கேட்டார்.

"வெடிக்குள்ள போடுற மருந்து சார்" என்றேன். அவர் சட்டையை இறக்கிவிட்டுச் சொன்னார்: "அப்ப கொஞ்சம் தள்ளி நில்லும்மா."

கதவு

மருந்து ரூமுக்குள் போகுமுன் செருப்பு, கொலுசு, கொண்டை ஊசி எல்லாம் கழற்றுவோம். கதவுப் பக்கம் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்போம். உடம்பில் இருக்கிற கரண்டு இறங்கிவிடும். நேர்காணலன்றும் எல்லாவற்றையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, தகட்டைத் தேடிக் கதவைத் தடவினேன். பக்கத்தில் காத்திருந்த படித்த பொண்ணு பாவப்பட்டுச் சொன்னாள்: "காலிங்பெல் எல்லாம் இல்லக்கா, தட்டிட்டுப் போங்க."

ஐந்தாவது ஆள்

உள்ளே மேசைக்குப் பின்னால் நாலு பேர். சுற்றிலும் அலமாரி நிறைய மருந்துப் பாட்டில். எங்கள் கம்பெனியில் ஒரு மருந்து ரூமுக்கு நாலு பேர்தான். மேலே ஒருத்தர் நுழைந்தால் போர்மேன் கத்துவார். வாசற்படியிலேயே கால் நின்றுவிட்டது.

"வாங்கம்மா, உட்காருங்க" என்றார் நடுவிலிருந்த பேராசிரியை அம்மா.

"நாலு பேர் இருக்கீகம்மா. ஒருத்தர் வெளிய வந்தா நான் வாரேன்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். ஒருத்தர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. அலமாரியைப் பார்த்தார், என் வெறுங்காலைப் பார்த்தார், சிரித்தவர் பக்கம் திரும்பினார்: "சார், நீங்க எந்திரிங்க. மூணு வருசமா இதத்தான் நான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

இன்றைக்குப் போனில் சொல்வதாகச் சொன்னார்கள். மருந்து ரூமுக்குள் போன் கூடாது; அந்தப் பழக்கதோசத்தில் போனை வாசலுக்கு வெளியேதான் வைத்திருக்கிறேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை காவல். ஆக, வாயே திறக்காத ஒருத்தி ஒருநாள் திறந்து, ஒரு பெரிய மனுசரை வெளியே அனுப்பினால் என்ன கிடைக்கும் என்று கேட்டீர்களானால்... அத்தை கூப்பிடுகிறார், "ஏத்தா செல்வி, காலேஜ் அம்மா பேசுதாக, திங்கக்கிழமை நீ எத்தனை மணிக்கு வருவேன்னு கேக்காக, ஓடியா" என்று, கையெல்லாம் பசை, இதைத் துடைத்துவிட்டு