லேட் மாப்பிள்ளையின் இரண்டாவது சிடி

சிடி வாடகைக் கடையில் உட்காருகிறவளுக்கு முதலில் வேண்டியது, யார் எதைக் கேட்டாலும் சிரிக்காத முகம். மருந்துக் கடையில் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்கு நான் சொல்வது புரியும். வாங்க வருகிறவர் வெட்கப்படுவார். அந்த வெட்கத்தையும் சேர்த்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது நம் வேலை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் கடை. பேருக்குத்தான் என் வீட்டுக்காரருடையது. அவருக்குப் பாண்டிச்சேரியில் ஒரு துணிக்கடையில் வேலை. சனிக்கிழமை வரும்போது பையில் பத்துப் பதினைந்து சிடி கொண்டுவருவார், அதோடு சரி. மற்ற ஆறு நாளும் கடையில் நான்தான். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது, வாய்க்கு மட்டும் அறுபது என்பார் அவர்.

ரப்பர் பேண்டு

கடையில் பெண் உட்கார்ந்திருந்தால் ஆண்களுக்கு ஒரு சங்கடம். ‘அந்த மாதிரி’ படம் கேட்க வருகிறவர் என்னைப் பார்த்ததும் சாமி படங்கள் இருக்கும் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். ஒவ்வொரு அம்மன் படமாக எடுத்துப் பின்னட்டை வரைக்கும் படிப்பார். கால் மணி நேரம் கழித்து ஒன்றும் எடுக்காமல் போய்விடுவார். ஊரில் பாதிப் பேர் இப்படிப் பக்திமான்களாகிக் கொண்டிருந்தார்கள், வியாபாரம் படுத்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். பெரியவர்கள் மட்டும் பார்க்கும் படங்களை எல்லாம் அம்மன் பட டப்பாவுக்குள் வைத்து, மேலே ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டார். ரப்பர் பேண்டு இல்லாதது நிஜமான அம்மன். எடுக்கிறவரும் வாய் திறக்க வேண்டாம், நானும் கேட்க வேண்டாம். விஷயம் ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. எட்டாம் நாள், கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் நெற்றி நிறைய விபூதியோடு வந்து, நடுக்கடையில் நின்று கேட்டார்: "ஏம்மா, ரப்பர் பேண்டு போட்ட அம்மன் புதுசா எதுனா வந்திருக்குதா?"

வெள்ளைக்காரன் பாஷை

ரப்பர் பேண்டு வரிசையில் ஓஹோவென்று ஓடியது ‘லேட் மாப்பிள்ளை’. வெளிநாட்டுப் படம், தமிழ் பேச வைத்தது. நாற்பத்து நான்கு வயதுத் தபால்காரன் ஒருவன். ஊரில் எல்லோருக்கும் காதல் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பான், அவன் கையை இதுவரை ஒரு பெண் தொட்டதில்லை. கூட வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்துவிடுகிறது. அவனை எப்படியாவது ஆளாக்கிவிடுகிறோம் என்று அவர்கள் அடிக்கிற கூத்துதான் கதை. அரைகுறை உடையில் பெண்கள் ஆடும் இடத்துக்கு இழுத்துப் போவார்கள். அவன் ஆடுகிற பெண்ணுக்குக் குளிருமே என்று தன் கோட்டைக் கழற்றிப் போர்த்துவான். ஆணுறை கேட்க வெட்கப்பட்டு எட்டு பாட்டில் இருமல் மருந்து வாங்கி வருவான். நீச்சல் குளத்தில் குதிப்பான், ஜட்டி ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாக மிதப்பார்கள். வசனம் முழுக்க மெட்ராஸ் பாஷை, அதில் பாதியை இங்கே எழுத முடியாது.

அனுமந்தையிலிருந்து வரும் மீனவ அண்ணன் ஒருவர் சிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகாமல் யோசனையோடு நின்றார். சிடியில் ஏதாவது கோளாறா என்று கேட்டேன். "சிடி நல்லாத்தான் இருக்குது. இந்த வெள்ளைக்காரன் எப்பம்மா நம்ம பாஷைய கத்துக்கினான்?"

பாதிப் படம்

அந்தக் காலத்து சிடி ஒன்றில் முழுப் படம் அடங்காது, இரண்டாகத்தான் வரும். எங்கள் கடையில் பாதிப் படமும் கிடைக்கும். ஒரு சிடி மட்டும் எடுத்தால் பாதி வாடகை. அதனால் ‘லேட் மாப்பிள்ளை’யின் முதல் சிடிதான் ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தது. கூத்தெல்லாம் அதில்தான். இரண்டாவதில் தபால்காரன் ரொட்டிக் கடைக்காரி ஒருத்தியை மனசார விரும்புவான், கல்யாணம் ஆகும். அது யாருக்கு வேண்டும்? வாங்கி வந்த அன்றைக்கு எப்படி மின்னியதோ அப்படியே அலமாரியில் மின்னிக்கொண்டிருந்தது.

அதைத் தேடி வந்த ஒரே ஆள் குணசேகரன் அண்ணன். உப்பளத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவர். வயது நாற்பத்து மூன்று. அப்பா செத்தபின் மூன்று தங்கைகளுக்கும் அவர்தான் கல்யாணம் செய்துவைத்தார். கடைசித் தங்கையும் புருஷன் வீட்டுக்குப் போனபிறகு திரும்பிப் பார்த்தால், வீட்டில் அவரும் ஒரு டிவியும்தான் மிச்சம். பெண்களிடம் பேசுவதென்றால் அவருக்கு வியர்த்துவிடும். என்னிடம்கூட சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். முதல் சிடியை ஒரே ஒரு தடவை எடுத்துப் போனார், மறுநாளே கொண்டுவந்து வைத்துவிட்டார். பிடிக்கவில்லையா என்று கேட்டேன். காலண்டரிடம் பதில் சொன்னார்: "அவன பார்த்து எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா, எனக்கு சிரிப்பு வரல. அவனுக்கு கல்யாணம் ஆவுற சிடி எது, அத குடு."

ஆடி வெள்ளி

எங்கள் ஊர் உப்புக் காற்றில் இரும்பே இற்றுப்போகும், ரப்பர் பேண்டு எம்மாத்திரம். பாழாய்ப்போனது எப்போது அறுந்தது என்று நான் கவனிக்கவில்லை.

ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை கஸ்தூரி அக்கா வந்தார். உப்பை வாரிக் கூடையில் சுமக்கிற வேலை அவருக்கு, மகளிர் குழுவுக்குத் தலைவியும் அவர்தான். முப்பத்தெட்டு வயது. புருஷன் இறந்து ஒன்பது வருஷமாகிறது, பிள்ளை இல்லை. புருஷன் வீட்டிலேயே கொழுந்தன் குடும்பத்தோடு ஒரு சின்ன அறையில் இருந்தார். உப்பள வேலை விடியலில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிந்துவிடும் என்பதால், மத்தியானம் குழுப் பெண்களுக்கு அம்மன் படம் போட ஏற்பாடு. அலமாரியிலிருந்து அவரே ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று மணிக்கு அலமாரியைத் துடைத்தேன். அறுந்த ரப்பர் பேண்டு ஒன்று பலகையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அக்கா எடுத்துப் போனது நிஜமான அம்மன் இல்லை. கடையைப் பாதி சாத்திவிட்டு ஓடினேன். குழுக் கட்டடத்தின் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. உள்ளே இருபது பெண்கள் சிரிக்கிற சத்தம். "ஐயய்யோ, ஜட்டி போவுதுடி" என்று ஒருத்தி சொன்னது தெளிவாகக் கேட்டது. கதவைத் தட்டக் கை எழவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இனி எந்தப் பெண் நம் கடைப் படியேறுவாள் என்று அழுகையே வந்துவிட்டது. காலையில் கஸ்தூரி அக்கா வந்து டப்பாவை கவுண்ட்டரில் வைத்தார். நான் தலை நிமிரவில்லை. அவர் குனிந்து, பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: "அந்த போஸ்ட்மேனுக்கு கல்யாணம் ஆச்சா இல்லியா? ஒருத்திக்கும் மனசு ஆறல, மீதி சிடிய குடு."

தொழில் தர்மம்

மீதி சிடி என்னிடம் இல்லை. குணசேகரன் அண்ணன் எடுத்துக்கொண்டு போய் ஒரு மாசம் ஆகியிருந்தது. யார் எந்தப் படம் எடுத்தார்கள் என்று இன்னொருவரிடம் சொல்லக் கூடாது, எங்கள் தொழிலுக்கு இருக்கிற ஒரே தர்மம் அதுதான். வாங்கித் தருகிறேன் என்று மட்டும் சொல்லி அக்காவை அனுப்பினேன். சாயந்திரம் அண்ணன் அதற்கு வாடகை கொடுக்க வந்ததும், மகளிர் குழுவுக்கு வேண்டும் என்றேன், கஸ்தூரி அக்கா பேரும் வாய் தவறி வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் அண்ணன் காலண்டரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மெல்ல மெல்லக் கேட்டதில் எல்லாம் வெளியே வந்தது. இன்ஜின் கொட்டாயில் இருக்கும் குடிதண்ணீர்ப் பானையை மூன்று வருஷமாக அவர்தான் விடியலில் நிரப்பி வைக்கிறாராம். அது அவர் வேலையே இல்லை. அக்கா தண்ணீர் குடிக்க வந்தால் இன்ஜினை நிறுத்திவிடுவாராம், அந்தச் சத்தத்தில் அக்கா ஏதாவது சொல்லி, தனக்குக் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று. மூன்று வருஷத்தில் அக்கா சொன்னது, தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்கிற ஒரே வார்த்தை. அதற்கும் இவர் பதில் சொல்லவில்லை. என் மனசெல்லாம் அந்தப் பானையிலேயே இருந்தது. அவர் கவலையோ வேறாக இருந்தது. மறுநாள் சிடியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா, அப்ப அந்த நீச்சல் குளத்து சீன அவங்க பார்த்துட்டாங்களா?"

சிக்கிய இடம்

அண்ணன் ஒரு மாசமாக உப்புக் கையோடு எடுத்து எடுத்துப் போட்டதில் அந்த சிடி பூராவும் கீறல். குழுப் பெண்கள் மறுபடி கூடி உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். தபால்காரன் ரொட்டிக் கடை வாசலில் நின்று, அந்தப் பெண்ணைப் பார்த்து, வாயைத் திறக்கிறான். அங்கேயே சிக்கிக்கொண்டது. துடைத்துப் போட்டாலும் திறந்த வாய் மூடவில்லை. மறுநாள் கஸ்தூரி அக்கா வந்து அவன் என்ன சொன்னான் என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? நான் வாடகைக்கு விடுகிறவள், ஒரு படமும் முழுசாகப் பார்த்தது கிடையாது. ஆனால் தெரிந்த ஒருவர் இருந்தார். சொல்லலாமா கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அக்கா கேட்டுச் சிரித்துவிட்டால் அந்த மனுஷன் அப்புறம் உப்பளம் பக்கமே வரமாட்டார். சொல்லாவிட்டால் இன்னும் பத்து வருஷத்துக்குப் பானையை நிரப்பிக்கொண்டே இருப்பார். தொழில் தர்மத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, குணசேகரன் அண்ணனைத்தான் கேட்கவேண்டும், அந்த சிடியை ஒரு மாசமாக வைத்திருந்தவர் அவர்தான் என்றேன். அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த சிடியைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவரா? எனக்கோசரம் இன்ஜின நிறுத்துறவராச்சே."

அவன் என்ன சொன்னான்

இது அக்காவே எனக்குச் சொன்னது. திங்கட்கிழமை காலை, வேலை நடுவே நேராக இன்ஜின் கொட்டாய்க்குப் போயிருக்கிறார். பின்னாலேயே கூட வேலை செய்கிற பெண்கள், தலையிலிருந்த உப்புக் கூடையை இறக்கக்கூட இல்லையாம். அண்ணன் வழக்கம்போல இன்ஜினை நிறுத்தினார். அந்த போஸ்ட்மேன் அவளிடம் என்ன சொன்னான், உங்களுக்குத் தெரியுமாமே என்று அக்கா கேட்டார். அண்ணன் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பெண்கள் காத்திருந்தார்கள்.

"அவன் என்னென்னமோ பேசுவான்ங்க, எனக்கு அப்டிலாம் வராது. காலைல வந்ததும் நீங்க வந்திருக்கீங்களான்னு பார்ப்பேன். வந்திருந்தா அன்னிக்கு எனக்கு வேலையே தெரியாது. வரலன்னா பொழுது போவாது. அவ்ளோதாங்க." யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மூக்கை உறிஞ்சினாளாம். கஸ்தூரி அக்காதான் கேட்டிருக்கிறார்: "இத சொல்றதுக்கு மூணு வருஷமா? வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

இந்த வயசில்

அக்கா சம்மதித்துவிட்ட விஷயம் கொழுந்தன் காதுக்குப் போனது. இன்னொரு கல்யாணம் என்றால் வீட்டில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். அக்காவுக்கு அந்த அறையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. கல்யாணத்தை நினைத்து அவர் பயப்படவில்லை. நாலு பேர் கேலி செய்ததும் குணசேகரன் அண்ணன் பின்வாங்கிவிட்டால், வீடும் போய் இதுவும் போய் நடுத்தெருவில் நிற்கவேண்டுமே என்றுதான் பயந்தார். எனக்கும் அதே பயம். மூட்டிவிட்டவள் நானாயிற்றே.

சனிக்கிழமை காலை கொழுந்தன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டான். என்னால்தான் ஊர்ப் பெண்கள் கெட்டுப்போனார்கள் என்று கத்தினான். நானும் பதிலுக்குக் கத்தினேன். அந்த நேரம் பார்த்து குணசேகரன் அண்ணன் உள்ளே வந்தார். கொழுந்தன் அவர் பக்கம் திரும்பி, தெருவே கேட்கிற மாதிரி, இத்தனை வயசுக்குமேல் உனக்கு எதுக்குய்யா பொண்டாட்டி என்றான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் காலண்டரைத் தேடுவார் என்று நினைத்தேன். அவர் கொழுந்தனை நேராகப் பார்த்தார், சண்டைக்குப் போகிற குரலும் இல்லை, கேட்ட கேள்விக்கு நியாயமாகப் பதில் சொல்கிற குரல்: "தெரியலப்பா. இதுவரைக்கும் இருந்ததில்ல. இருந்து பார்த்துட்டு சொல்றேன்."

தெருவே சிரித்தது, இந்தத் தடவை அவரைப் பார்த்து இல்லை. கொழுந்தன் கூட வந்தவர்களை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அன்றைக்கே அக்கா தன் பெட்டியோடு குழுக் கட்டடத்துக்கு வந்துவிட்டார். ஆவணியில் கோயிலில் வைத்துக் கல்யாணம், பெண் வீட்டார் இடத்தில் இருபது பெண்கள் நின்றார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஒரு மாசம் கழித்து அண்ணன் தனியாகக் கடைக்கு வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார், சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றீர்களே அண்ணே, என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டேன். அவர் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு: "இன்னும் முழுசா பார்த்து முடிக்கலம்மா, என்னா அவசரம்."

சிடி கடை நடத்தி என்ன சம்பாதித்தாய் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்கிறார், தப்பான படத்தைக் கொடுத்து ஒரு சரியான கல்யாணத்தைச் சம்பாதித்தேன் என்று நானும் இன்றைக்கும் வாயடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.