கடலுக்கு மதகு எங்கே?

எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றால் ஏரிதான். உத்திரமேரூர் ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு. நிரம்பிவிட்டால் கோடி போகும், மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். ஆகவே பதினோரு வயதில் கடலைப் பற்றி எனக்கிருந்த சந்தேகங்கள் எல்லாம் நியாயமானவை. கடலுக்கு மதகு எந்தப் பக்கம்? அதைத் திறக்கிறவர் யார்? அடைமழையில் கடல் கோடி போனால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? இதையெல்லாம் அக்காவிடம்தான் கேட்பேன். என் தொணதொணப்புக்குப் பதில் சொல்லும் பொறுமை வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. ஆனால் கடலை அவளும் பார்த்ததில்லை. "போனா பாத்துக்கலாம்டி" என்பாள்.

போகிற நாள் கோ-கோவால் வந்தது. அக்கா பத்தாவது, பள்ளி அணிக்கு அவள்தான் கேப்டன். நான் ஆறாவது. பொடிசாக இருந்ததாலும், குனிந்து நெளிந்து ஓடினால் பெரிய பெண்களின் கைக்கு அகப்படாததாலும் என்னையும் சேர்த்திருந்தார்கள். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் ஒருநாள் போட்டி. வேன் எங்கள் மாமாவுடையது. அம்மாவின் தம்பியான அவர், எந்தச் சவாரியையும் சுற்றுலாவாக மாற்றிவிடுகிற மனிதர்.

"கிரவுண்டுலேந்து கடல் கூப்புடு தூரந்தான் கீது. ஆடி முடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் காலை நீட்டிக்கினு உக்காந்துட்டு வரலாம்," என்றார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் பயிற்சியைவிடத் திட்டம்தான் அதிகம் நடந்தது. யார் புளிசோறு, யார் உருளைக்கிழங்கு வறுவல், யார் பாய், யார் மாற்றுத்துணிக்குப் பை என்று நோட்டில் எழுதியவள் நான். அம்மா மட்டும் ஒரு சட்டம் போட்டாள். அமாவாசை இல்லாத நாளில் கடலில் முழுகக் கூடாதாம். "முழங்காலுக்கு மேல நனையக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

அக்கா அந்த நோட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்தாவதோடு ஓட்டமெல்லாம் போதும் என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் அங்கேயே தங்கிப் படிக்கலாம், ஆடலாம், அப்பாவும் சரி என்பார். விடுதிக்குப் பெண்களைப் பொறுக்குகிற மேடம் ஒருவர் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வருவதாக பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார். "ஃபைனல்ல ஆடியே ஆவணும்டி" என்று அக்கா என்னிடம் பத்துத் தரமாவது சொல்லியிருப்பாள். ஒரு மேடம் வந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பார்ப்பதென்றால் நாம் கடலைப் பார்ப்பதல்லவா விசேஷம்.

அன்று காலை முதல் ஆட்டத்தில் சுலபமாக ஜெயித்தோம். மைதானத்துக்குக் கிழக்கே சவுக்குத் தோப்பு. தோப்புக்குப் பின்னால் ஓயாத இரைச்சல். அதுதான் கடல் என்றார்கள். காதால் கேட்டுக்கொண்டு கண்ணால் பார்க்காமல் இருப்பது பெரிய அவஸ்தை. ஓடிப்போய் எட்டிப் பார்க்கலாமென்றால் டீச்சர் விடவில்லை. ஆட்டம் பாக்கி இருக்கும்போது கடல் மணலில் நடந்தால் கால் துவண்டுவிடுமாம்.

அப்புறம் நேரம் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு அரையிறுதி. ஜெயித்தால் மூன்றரைக்கு இறுதி ஆட்டம். அது முடிந்ததும் நேராக ஊர்தான், மாமாவுக்கு ராத்திரி கல்யாணச் சவாரி இருந்தது.

"அப்ப கடலு?" என்றேன்.

"தோத்தா கடலு, ஜெயிச்சா கப்பு. உனக்கு எது வோணும் சொல்லு," என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டுக்குச் சொன்னதை நான் ஒருத்திதான் ஓர் ஏற்பாடாக எடுத்துக்கொண்டேன்.

அரையிறுதியின் கடைசி நிமிஷம். நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். துரத்துவது அவர்கள், தப்ப வேண்டியது நாங்கள்; ஒருத்தியைத் தொட்டால் அவர்களுக்கு ஒரு புள்ளி. களத்தில் மிஞ்சியது நானும் அக்காவும்தான். ஒரே ஒரு நிமிஷம் அகப்படாமல் இருந்தால் ஜெயம். எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் நெருங்கியது. இடப்பக்கம் ஒரு நெளிவு நெளிந்தால் தப்பிவிடலாம், தினமும் செய்கிற வேலைதான். தோப்புப் பக்கமிருந்து அந்த இரைச்சல் கேட்டது. நான் நின்றேன். முதுகில் கை பட்டது.

தனியாக மாட்டிக்கொண்ட அக்கா அன்று ஓடிய ஓட்டத்தைப்போல் நான் அப்புறம் பார்த்ததில்லை. விசில் ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளையும் தொட்டுவிட்டார்கள். ஒரு புள்ளியில் தோற்றோம்.

வேனில் எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள். "சின்னப் பொண்ணு, அது இன்னா பண்ணும்" என்றார் டீச்சர். மாமா தன் பங்கு வறுவலையும் எனக்கே கொடுத்தார். நான் மறுக்காமல் தின்றேன்.

கடலைப் பார்த்தேன். எதிர்க்கரையே இல்லை. மற்றவர்கள் பாய் விரித்துச் சோற்று மூட்டையைப் பிரித்தார்கள். நான் வடக்கும் தெற்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, மதகையே காணோமே?" என்றேன். அவள் எழுந்து என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழைத்துப் போனாள்.

"நல்லா பாத்துக்கோ," என்றாள். பிறகு மெதுவாக, "இதுக்குத்தான நின்ன?" என்றாள்.

"ஆமா" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அவளுக்கும் சேர்த்துத்தான் கடலைச் சம்பாதித்துக் கொடுத்ததாக எனக்குப் பெருமையாக இருந்தது.

அவள் இதை டீச்சரிடமோ அப்பாவிடமோ இன்றுவரை சொல்லவில்லை. அந்தக் கோடையோடு அவளுடைய ஓட்டம் நின்றது. இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கோ நான் இன்னமும் மதகைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் அலை வரும்போதும் அக்கா என் கையை வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்தாள். முழங்காலுக்கு மேல் நனையக் கூடாது என்று அம்மா சொன்னதற்காகத்தான் அப்படிப் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.