கண்ணைப் பார்த்துச் சொன்ன சம்மதம்

ஸ்வென்போர்க் துறைமுகத்தைப் பார்த்த கட்டடம் எங்களுடையது. மூன்றாம் மாடியில் இங்கெலிஸ், நான்காம் மாடியில் நான். இருவருக்கும் ஆட்டிசம். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்து மடிக்கும் கூடத்தில் அவளுக்கு வருஷக்கணக்காக வேலை. தினமும் கறுப்பு ரொட்டியும் ஈரல் விழுதும்தான் சாப்பாடு. மடிக்கும்போது ஏதாவது முனகிக்கொண்டே இருப்பாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அவள் அண்ணன் ப்ரெபனுக்குத்தான் நஷ்டம் போலிருக்கிறது. போன மாதம் சோதனைக்காகத் தீ எச்சரிக்கை மணியை அலறவிட்டார்கள். எங்களுக்கு அது காதில் ஊசி ஏற்றுகிற மாதிரி. இங்கெலிஸ் காதைப் பொத்திக்கொண்டு அலமாரிக்குள் உட்கார்ந்துவிட்டாள். மணிக்குப் பதில் விளக்கு வையுங்கள் என்று அவள் எத்தனையோ முறை கேட்டது யார் காதிலும் ஏறவில்லை. அலமாரிக் கதையை மட்டும் நகராட்சியில் போய்ச் சொல்லி, அவளைக் காப்பகத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்துவிட்டான் அந்தப் புண்ணியவான்.

நகராட்சியிலிருந்து டோர்தெ வந்தாள். இங்கெலிஸ் என்னைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தாள். காபி ஆறும்வரை அண்ணனும் அதிகாரியும் 'இவ, இவ' என்றே பேசினார்கள். இவளோ எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னைப் பாருங்க இங்கெலிஸ்," என்றாள் டோர்தெ. "அப்பதான் நீங்க கவனிக்கறீங்கன்னு எனக்குத் தெரியும்."

பார்த்தாள். பள்ளியில் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பழக்கிய பார்வை அது. டோர்தெ காப்பகத்தைப் பற்றி விளக்கி முடித்து, "சரிதானே?" என்றாள்.

"சரி."

ப்ரெபன் எழுந்துவிட்டான். "அவ்வளவுதான். அவளே சொல்லிட்டா."

"கொஞ்சம் உக்காருங்க," என்றேன். "இங்கெலிஸ், இவங்க இப்ப என்ன சொன்னாங்க?"

"தெரியல. இடது கண்ணுல பழுப்பா ஒரு புள்ளி இருக்கு. பாக்கச் சொன்னாங்க, பாத்துக்கிட்டிருந்தேன்."

"அப்புறம் ஏன்டி சரின்னே?"

"பேச்சை நிறுத்தினாங்க. நிறுத்தினா சரின்னு சொல்லணும். அப்படித்தான சொல்லிக் குடுத்தாங்க."

இதற்குப் பெயர் சம்மதமாம்.

"வீட்டைக் காலி பண்ணிட்டுக் காப்பகத்துக்குப் போறேன்னு இப்ப ஒத்துக்கிட்டிருக்கே," என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விரல்கள் படபடவென்று ஆடின. "மறுபடி சொல்லுங்க," என்றாள். டோர்தெ முதலிலிருந்து சொன்னாள், இந்த முறை மெதுவாக.

"மாட்டேன்," என்றாள் இங்கெலிஸ்.

"அப்ப இது நடக்காது ப்ரெபன்," என்றாள் டோர்தெ. அவள் முகம் சிவந்திருந்தது.

"பாத்தீங்கல்ல, மூஞ்சியப் பாத்துப் பேசக்கூட முடியல. இவ எப்படித் தனியா..."

"உன் மூஞ்சியப் பாத்தா எனக்குக் காது கேக்காது அண்ணே," என்றாள் இங்கெலிஸ், ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் வீடு போற விஷயம். நான் கேக்க வேண்டாமா?"