வீட்டு வயரிங்காரர் பூட்டிய விசிறி

என் கணவருக்கு வீடுகளுக்கு வயரிங் செய்வது தொழில். எனக்குக் குடிதண்ணீர் விற்பது. பண்டத்தரிப்பில் எங்கள் வளவுக்குள் ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் போட்டிருக்கிறோம். அதில் வருகிற தண்ணீரை பிக்கப்பின் பின்னால் பூட்டிய தாங்கியில் நிரப்பி, காலையில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், பல்கலைக்கழகப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிற வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு வருவேன். பிக்கப் என்னைவிடச் சில வயதுதான் இளையது. அதன் குணம் எனக்குத் தெரியும், என் குணம் அதற்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் நடுவில் வேறு ஒருவர் வராதவரை பெரிய சிக்கல் இருந்ததில்லை.

ஒருநாள் காலை ஒழுங்கையை விட்டு றோட்டுக்கு ஏற்றுகிறேன், பொனற்றுக்குள் யாரோ சட்டியைப் போட்டு உடைத்ததுபோல ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் கீழே பச்சைத் தண்ணீர் ஓடுகிறது. ரேடியேற்றருக்குப் பின்னால், எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற விசிறியின் இதழ் ஒன்று முறிந்து, ரேடியேற்றரைக் கிழித்திருந்தது. கிழிந்ததை ஒட்டிவிட்டார்கள். விசிறிதான் கிடைக்கவில்லை. நகரத்தில் ஏறி இறங்காத கடை இல்லை. அந்த மொடலுக்கு இனிச் சாமான் வராது என்பதை ஒவ்வொரு கடைக்காரரும் எனக்குப் புதுச் செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

சண்டிலிப்பாயில் எங்கள் மெக்கானிக் ஒரு வழி சொன்னான்.

"அக்கா, உதைத் தேடித் திரியாதேங்கோ. சின்னக் கார் ஒண்டில கழட்டின கரண்ட் ஃபான் என்னட்டைக் கிடக்கு. பற்றரியில ஓடும். அதை நான் பூட்டித் தாறன். வயர் வேலைக்கு மட்டும் வாகன வயரிங் தெரிஞ்ச ஒராளைப் பிடியுங்கோ."

இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சோற்றுக் கோப்பையில் கை வைத்தபடியே அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் இருக்க வேற ஆளோ?"

"வாகன வயரிங் வேறயாம்."

"என்ன வேற? ரெண்டு வயர். ஒண்டால போகும், ஒண்டால வரும். நான் மாடி வீடுகளுக்கே வயர் இழுத்தனான். உமக்கு ஒரு ஃபான் பூட்டித் தர மாட்டனோ?"

பிறகு குரலைத் தணித்து, "ஊரிலை கேள்விப்பட்டால் என்ன சொல்லுவினம்? தன்ரை வாகனத்துக்கே வேற ஆளைப் பிடிச்சவனாம் எண்டால் ஆர் எனக்கு வீடு தருவினம்?" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

நியாயம் இருந்த மனிதருக்கு நேரம் இருக்கவில்லை. காலையில் எழும்பி வேறு யாருடைய வீட்டுக்கோ வயர் இழுக்கப் போவார், பொழுதுபட வந்து, "நாளைக்குப் பாப்பம்" என்பார். பிக்கப் வேப்பமரத்துக்குக் கீழே இலை மூடிக் கிடந்தது. நான் ஓட்டோவில் கான்களை அடுக்கி, ஒரே பாதையில் போய்ப் போய் வந்தேன். இடையில் ஒருநாள் ஒரு வீட்டுப் பெடியள் கூப்பிட்டு, "அன்ரி, தண்ணி முடிஞ்சு நேற்று முழுக்க சோடா குடிச்சனாங்கள்" என்றார்கள். பகிடிக்குத்தான் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. விசிறியை மெக்கானிக் வந்து ரேடியேற்றருக்குப் பின்னால் இறுக்கிவிட்டுப் போனான். மிச்சம் முழுவதும் என் கணவரின் கைவண்ணம். பின்னேரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வீட்டுச் சுவரில் வயர் ஓடுகிற வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய், பொனற்றுக்குள் நேர்கோடாக ஓடி, மூலையில் அழகாகத் திரும்பி, உள்ளே வந்தது. ஸ்ரேறிங்குக்குப் பக்கத்தில், எங்கள் குசினியில் இருப்பதுபோன்ற வெள்ளை லைற் சுவிச் ஒன்று, அதற்குரிய பெட்டியோடு பூட்டப்பட்டிருந்தது.

"அமத்திப் பாரும்."

அமத்தினேன். விசிறி சுற்றியது. அவர் எஞ்சின் பக்கம் கையை வைத்து, "நல்ல காத்து" என்றார். நானும் கையை வைத்தேன். காற்று இருந்தது. விசிறி சுற்றினால் காற்று இருக்கத்தானே செய்யும்.

மறுநாள் தாங்கி நிரம்ப ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். மானிப்பாய் தாண்டவில்லை, எரிகிற மணம் வந்தது. முதலில் வெளியே யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் குசினிச் சுவிச் நடுவில் மஞ்சளாகி, இளகி, பெட்டிக்குள்ளிருந்து புகை நூலாக எழும்புகிறது. ஓரங்கட்டி, பொனற்றைத் திறந்து, பற்றரியில் அவர் கொழுவியிருந்த வயரை இழுத்துக் கழற்றினேன். விசிறி இல்லாமல், நின்று நின்று, விற்கக் கொண்டுபோன தண்ணீரையே ரேடியேற்றருக்கு ஊற்றி ஊற்றி வீடு வந்து சேர்ந்தேன்.

"நீர் கனநேரம் போட்டு வைச்சிருப்பீர்" என்றார்.

"ஓட ஓட ஃபான் வேண்டாமோ?"

"சுவிச் மலிஞ்ச சாமான். கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்."

மெக்கானிக்கிடம் ஃபோனில் கேட்டேன். இவ்வளவு கரண்டை நேராகச் சுவிச்சுக்குள்ளால் விடக் கூடாது, நடுவில் அந்தப் பாரத்தைத் தாங்குகிற ஒரு றிலேயும் பியூஸும் போட்டு, தடித்த வயர் இழுக்க வேண்டும் என்றான். அதை நான் சொன்னபோது என் கணவர், "அது எனக்குத் தெரியும், அவசரத்துக்குத்தான் அப்பிடிச் செய்தனான்" என்றார். தெரிந்ததை ஏன் செய்யவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிக்கப் இன்னும் ஒரு கிழமை வேப்பமரத்துக்குக் கீழே கிடந்திருக்கும். இந்தமுறை றிலேயும் போட்டு வேலையைச் சுத்தமாகவே செய்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு எதுவும் சுடவில்லை, எதுவும் மணக்கவில்லை.

சூடு மட்டும் குறையவில்லை.

விசிறி இருக்கிறது, சுற்றுகிறது, சத்தமும் போடுகிறது. ஆனால் வெப்பம் காட்டுகிற முள் பாரத்தோடு போகும்போது மெல்ல மெல்ல ஏறியது. ஒரு நாள் யோசித்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே விசிறியை நிற்பாட்டிப் பார்த்தேன். முள் கொஞ்சம் இறங்கியது. திரும்பப் போட்டேன். ஏறியது. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"ஃபானைப் போட்டால் ஏறுது, நிப்பாட்டினால் இறங்குது."

"அப்பிடி வராது."

"வருது. நான் பாத்தனான்."

"அப்ப முள்ளு பிழை."

முள்ளை மாற்றினார். பிறகு சூட்டுக்குத் திறந்து தண்ணீர் விடுகிற தேமோஸ்ராற்றை மாற்றினார். பிறகு ரேடியேற்றருக்குள் ஊத்தை அடைத்திருக்கும் என்று கழற்றிக் கழுவினார். ஒவ்வொரு முறையும், "இப்ப சரி" என்றார். ஒவ்வொரு முறையும் நான் றோட்டில் நின்றேன். நான் நிற்கிற இடங்களில் உள்ள கடைக்காரர்களுக்கு நான் பழகிப்போய்விட்டேன். பொனற்றைத் திறந்துவிட்டு நிற்கிற ஒரு பொம்பிளைக்கு யோசனை சொல்லாமல் போகிற ஆம்பிளை யாழ்ப்பாணத்தில் குறைவு. எண்ணெய் மாற்றுங்கோ என்றார் ஒருவர். வித்துப்போடுங்கோ என்றார் ஒருவர். ஓட்டோக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "அக்கா, வீட்டை அண்ணை இல்லையோ?" என்று கேட்டார். வீட்டில் அண்ணை இருப்பதால்தான் நிற்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

கடைசியில் மெக்கானிக்கும் கையை விரித்தான். எஞ்சினுக்குள்ளே எங்கோ கசிவு இருக்கலாம், எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றான். ஹெட்டைக் கழற்றினால் வாகனம் எத்தனை நாள் படுக்கும் என்பது கழற்றினால்தான் தெரியும். வியாழக்கிழமை கொண்டுவரச் சொன்னான்.

புதன்கிழமை, இருக்கிற ஓடர்களையாவது முடித்துவிடுவோம் என்று பாதித் தாங்கியோடு புறப்பட்டேன். கொக்குவில் ரயில் கடவையில் கேற் போட்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு பஸ், பின்னால் மோட்டார் சைக்கிள்கள். முள் ஏறத் தொடங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, அது என்னைப் பாராமல் ஏறிக்கொண்டே போனது. எஞ்சினை நிறுத்தினேன். விசிறியை மட்டும் ஓடவிட்டு, இறங்கி, பொனற்றைத் திறந்துவிட்டு, முன்னால் போய் நின்றேன்.

வயிற்றில் சூடாகக் காற்று அடித்தது.

முதலில் எஞ்சின் சூடு என்றுதான் நினைத்து ஓரடி பின்னுக்குப் போனேன். கழுத்தில் கிடந்த சுரிதார்ச் சோலின் நுனி ரேடியேற்றர் பக்கம் இழுபடவில்லை, வாகனத்துக்கு எதிர்ப்பக்கமாக, என் முகத்தை நோக்கிப் பறந்தது. அதைப் பிடித்து ரேடியேற்றரின் முன்பக்கத்தில் வைத்தேன். ஒட்டி நிற்கவில்லை. தள்ளிவிட்டது.

ரயில் போகும்வரை அப்படியே நின்று யோசித்தேன். விசிறி ரேடியேற்றருக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் இருக்கிற காற்றை அது உள்ளே இழுக்க வேண்டும். இது எஞ்சினின் சூட்டை அள்ளி முன்னால் ஊதுகிறது. நான் ஓடும்போது றோட்டுக் காற்று உள்ளே வரப் பார்க்கிறது, விசிறி அதை மறித்து வெளியே தள்ளுகிறது. இவ்வளவு நாளும் நான் வாகனத்துக்குச் சூடேற்றுகிற இயந்திரம் ஒன்றைச் சுவிச் போட்டு ஓட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கேற் திறந்தது. பின்னால் ஹோண் அடித்தார்கள். கடவையைத் தாண்டி ஓரங்கட்டி, அவருக்கு ஃபோன் அடித்தேன்.

"ஃபான் மற்றப் பக்கமாச் சுத்துது."

"என்ன?"

"உள்ளுக்கு இழுக்கிறதுக்குப் பதிலா வெளியால ஊதுது. ரெண்டு வயரையும் மாறிக் குடுத்திட்டியள்போலை."

"மாறிக் குடுத்தால் என்ன? வீட்டு ஃபானுக்கு எந்த வயரை எங்கை குடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுத்தும். நான் பூட்டாத ஃபானோ?"

"இது வீட்டு ஃபான் இல்லை."

"இஞ்சாரும், நான் ஏணியில நிக்கிறன். பின்னேரம் வந்து பாக்கிறன். நீர் ஒண்டையும் தொட்டுப்போடாதேயும்."

ஃபோனை இருக்கையில் போட்டேன். கரண்ட் பார்க்கிற அவருடைய ரெஸ்ரர்த் திருப்புளி ஒன்று எப்போதும் வாகனத்துக்குள் கிடக்கும். விசிறியின் இரண்டு வயர்களையும் வீட்டுக்குப் பாவிக்கிற கனெக்ரரில் திருகியிருந்தார். சுவிச்சை நிற்பாட்டிவிட்டு, இரண்டு திருகாணிகளையும் இளக்கி, நீலம் இருந்த இடத்தில் கறுப்பையும் கறுப்பு இருந்த இடத்தில் நீலத்தையும் வைத்து இறுக்கினேன். ஒரு வயர் விரலைக் குத்தியது.

சுவிச்சைப் போட்டேன். சத்தமே வேறாக இருந்தது, கொஞ்சம் கனமாக. முன்னால் போய்ச் சோல் நுனியை வைத்தேன். ரேடியேற்றரோடு ஒட்டிக்கொண்டது. இழுத்து எடுக்க வேண்டியிருந்தது.

திருநெல்வேலியில் எல்லா வீட்டுக்கும் தண்ணீர் கொடுத்தேன். சந்தைக்குப் பக்கத்து நெரிசலில் வேண்டுமென்றே போய் நின்றேன். முள் பாதியில் நின்றது, அசையவில்லை. சந்தோசம் வரும் என்று பார்த்தேன். அதற்கு முன்னம் வேறு எல்லாம் வந்தது. மாற்றிய முள், கழுவிய ரேடியேற்றர், வெயிலில் நின்ற நேரங்கள், ஓட்டோக்காரர், சோடா குடித்த பெடியள். ஸ்ரேறிங்கில் கையை வைத்தபடி கொஞ்சநேரம் அழுதேன். பிறகு ஒரு வாழைப்பழச் சீப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பின்னேரம் அவர் வந்து, உடுப்பும் மாற்றாமல் பொனற்றைத் திறந்தார்.

"ஆர் இதைத் தொட்டது?"

"நான்தான்."

"தொடவேண்டாம் எண்டு சொன்னனானெல்லே?"

"முன்னுக்குக் கையை வைச்சுப் பாருங்கோ."

வைத்தார். கனநேரம் வைத்திருந்தார். விசிறியை நிற்பாட்டினார், போட்டார், திரும்பவும் வைத்தார். நான் பக்கத்தில் நின்று அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் வரும் என்று எதிர்பார்த்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு சொல்.

"டேப் சுத்தாமல் விட்டிருக்கிறீர். இது பிறகு ஷோர்ட் அடிக்கும்" என்றார்.

கறுப்பு டேப்பை எடுத்து, என்னுடைய இணைப்பைப் பொறுமையாக, ஒரு மடிப்பில்லாமல் சுற்றினார். சுற்றி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பாராமல், "பற்றரிக் கரண்ட் வேற மாதிரித்தான்போலை. அதுக்குப் பக்கம் இருக்கு" என்றார். நான் "ஓம்" என்றேன்.

பிறகு முற்றத்தில் நடந்தபடி மெக்கானிக்கோடு ஃபோனில் கதைத்தார். குசினிக்குள் நின்ற எனக்குக் கேட்டது.

"தம்பி, ஹெட் ஒண்டும் கழட்டத் தேவையில்லை. ஓம், ஓம், இப்ப நல்லாய் ஓடுது. வயரில ஒரு சின்ன மாற்றம் செய்தனாங்கள்."

செய்தனாங்கள். அதில் என்னுடைய பங்கு எவ்வளவு என்று வெளியே போய்க் கேட்க வேண்டும்போல இருந்தது. ஆனால் காலைக்குத் தாங்கி நிரப்ப வேண்டியிருந்தது. தண்ணி மோட்டரைப் போடப் போனேன்.