சாவி என் பாக்கெட்டில் இருந்தது

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மலேசியாவின் பாசிர் கூடாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கிடங்கில் நடந்தது இது.

கூரை விளக்குகளை மாற்றுவது என் வேலை. அதற்கு எங்களிடம் ஒரு சிஸர் லிஃப்ட் இருக்கிறது. கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே பின்னிய இரும்புக் கைகள் விரிய விரிய, நான் நிற்கும் மேடை மேலே போகும். மேடையில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். கீழே வண்டியின் பக்கவாட்டிலும் இன்னொன்று இருக்கும். எந்தப் பெட்டி வேலை செய்யவேண்டும் என்பதைக் கீழே உள்ள சாவிதான் முடிவு செய்யும். பதினோரு வருடம் இதை ஓட்டியவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

சாவி கீழேயே இருக்கவேண்டும் என்பது விதி. ஆனால் கொஞ்சம் அசந்தால் வெளி காண்டிராக்ட் ஆட்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், பேட்டரியைத் தீர்த்துவிட்டு எங்கேயாவது நிறுத்திவிடுவார்கள். ஒருமுறை நான் மேலே இருக்கும்போதே ஒருத்தன் விளையாட்டுக்கு என்னைக் கீழே இறக்கினான். அன்றிலிருந்து சாவியை மேல் பெட்டிக்குத் திருப்பி, அப்படியே உருவி, என் கால்சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் ஏறுவேன். இனி எவன் என்னை இறக்குகிறான் பார்ப்போம் என்று நினைப்பு.

அன்று நான் மேலே இருக்கும்போது கீழே காவலுக்கு நிற்க, பாக்கிங் பிரிவிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். பக்கத்து ஊரான மாசாயில் குடியிருப்பவர், இரண்டு பிள்ளைகளின் தாய். வந்ததும் வராததுமாக வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார். வண்டியின் ஓரத்தில், தாழ்வாக, ஒரு சிவப்புக் குமிழ் இருந்தது. பக்கத்தில் கீழே பார்க்கும் அம்புக்குறிப் படம்.

“அண்ணே, இது எதுக்கு?”

“அவசரத்துக்கு இழுத்து எறக்குறது. அதெல்லாம் மெக்கானிக் வேலை. நீங்க ஒண்ணும் தொடாம நில்லுங்க, போதும்.”

“ஒரு தடவை இழுத்துக் காட்டுங்களேன்.”

“டைம் இல்லம்மா.”

அவர் முகம் வாடிப்போனது. நான் கண்டுகொள்ளாமல் ஏறிவிட்டேன்.

நாலு விளக்கு மாற்றியாகிவிட்டது. ஐந்தாவது விளக்கு ஒன்பது மீட்டர் உயரத்தில் இருந்தது. இன்னும் ஒரு சாண் ஏறினால் கைக்கு எட்டும். பெட்டியின் மேல் குனிந்து, கண்ணை விளக்கிலேயே வைத்துக்கொண்டு ஜாய்ஸ்டிக்கை அழுத்தினேன். எனக்குப் பின்னால் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் ஓடுவதைப் பார்க்கவே இல்லை. முதுகில் ஏதோ இடித்தது.

நிமிர முடியவில்லை! குழாய் முதுகை அமுக்கியது. நெஞ்சு பெட்டியின் மேல் சாய்ந்தது. நெஞ்சுக்கு அடியில் மாட்டிக்கொண்ட என் வலது கையே ஜாய்ஸ்டிக்கை இன்னும் அழுத்த, மேடை இன்னும் ஏறியது. என்னை நானே நசுக்கிக்கொண்டிருந்தேன்! இடது கையால் துழாவி, எப்படியோ சிவப்பு அவசர பட்டனைக் குத்தினேன். வண்டி நின்றது. அப்பாடா என்று நினைத்த மறுநொடியே விஷயம் புரிந்தது. அந்தப் பட்டன் நிறுத்தும், இறக்காது. அதை விடுவித்தால், வலது கை இன்னும் ஜாய்ஸ்டிக்கில்தான் இருக்கிறது, மறுபடி ஏறும். மூச்சு இழுக்க இடமில்லை. கத்துவதற்குக் காற்றில்லை.

கீழே தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மலாய் நண்பர் கீழ்ப்பெட்டியில் இருந்த பட்டனையெல்லாம் அழுத்துகிறார். எதுவும் அசையவில்லை.

“அலமாக்! சாவியக் காணோம்! அண்ணே, சாவி எங்க?” என்று அந்தப் பெண் அலறினார்.

சாவி என் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. கை அங்கே போகவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

திடீரென்று ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். மேடை ஒரு விரல் அளவு தாழ்ந்தது. இன்னொரு விரல். இன்னும் ஒன்று. காற்று உள்ளே வந்தது பாருங்கள், அப்படி ஒரு ருசியை நான் எந்த விருந்திலும் கண்டதில்லை! கீழே அந்தப் பெண் மண்டியிட்டு, சிவப்புக் குமிழை இழுத்துப் பிடித்திருந்தார். அதற்குச் சாவி தேவையில்லை. ஒரு முழம் இறங்கியதும் பிடியை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

“அண்ணே, மூச்சு விடுறீங்களா?”

தலையை ஆட்டினேன். மறுபடி இழுத்தார். தரை வரைக்கும் அப்படித்தான், கொஞ்சம் இறக்குவதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக.

தரைக்கு வந்ததும் நான் முதலில் சொன்னது நன்றி இல்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. பதற்றமோ பழக்கதோஷமோ, “தொடாதீங்கன்னு சொன்னேன்ல?” என்று கேட்டேன்!

அவர் குமிழை விட்டுவிட்டு எழுந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். “திட்டுறதுக்கு மூச்சு வந்துருச்சுல்ல, அப்ப நல்லாத்தான் இருக்கீங்க லா.” சொன்னவர் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டார். நானும்தான். மலாய் நண்பர் யாரை முதலில் தேற்றுவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

எனக்கு இரண்டு விலா எலும்பில் விரிசல். பிறகு நடந்த விசாரணையில் சாவி எங்கே இருந்தது என்று கேட்டார்கள். ‘எங்கேயோ விழுந்துவிட்டது’ என்று சொல்ல வாய்வரை வந்தது. எதிரே அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். என் பாக்கெட்டில் இருந்தது என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதம் வண்டியில் ஏறக்கூடாது என்றார்கள்.

இப்போது மறுபடி ஏறுகிறேன், சாவியைக் கீழேயே விட்டுவிட்டு. காவலுக்கு யார் வந்தாலும், முதலில் ஆள் உயரத்துக்கு மட்டும் ஏறி நின்று, கீழே இருந்து என்னை இறக்கிக் காட்டச் சொல்கிறேன். பட்டனில் ஒருமுறை, குமிழில் ஒருமுறை. பயந்துவிட்டான் என்று சிலர் கிண்டல் செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். உயரத்தில் நிற்கும்போது என் உயிரில் பாதி கீழே நிற்பவரிடம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்ட பிறகுதான், மேலே என் கால்கள் நிம்மதியாக நிற்கின்றன.