சட்டையில் வந்த வாடை

தேவகோட்டையில் என் அக்கா வியாகுலம்மாள், புருஷனை வாசலிலேயே நிறுத்தி மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். மச்சான் பெரியநாயகம் குடியை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது. பள்ளிக்கூட வேன் ஓட்டியவர், ஒருநாள் போதையில் வேனை வயலுக்குள் இறக்கிவிட்டார். நல்லவேளை, வேனில் பிள்ளைகள் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஏழாவது படித்துக்கொண்டிருந்த மகள் ஆரோக்கிய ஷீலாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு தொட்டதில்லை.

அக்காவின் மூக்குக்கு மட்டும் ஓய்வில்லை. கோயிலில் பூசை முடிந்து வந்தாலும் மோந்துதான் பார்ப்பாள். "சாமியாரையும் ஒருநா மோந்து பாருக்கா" என்று நான் கிண்டல் செய்வேன். மச்சானுக்கோ பழகிப்போய், வாசலுக்கு வந்ததும் தானாகவே வாயைத் திறந்து 'ஹா' என்பார்.

ஷீலா கெமிஸ்ட்ரி படித்துவிட்டுப் புதுச்சேரி பக்கம் வேலைக்குப் போனாள். பிஸ்கட் கம்பெனி என்றாள். பார்லி, கோதுமை, கவுனி அரிசி எல்லாம் போட்டுச் செய்வார்களாம். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. காரைக்குடியில் கவுனி அரிசி வாங்கி, தானே உட்கார்ந்து கல் பொறுக்கி அனுப்புவாள். "அரிசியில கல்லு கெடந்தா எம் பிள்ளை பேருல்ல கெடும்" என்பாள்.

போன மாதம் அரிசி மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்க மச்சான் கிளம்பினார். அங்கே நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பிஸ்கட்டைத் தேடிப் போன மனுஷன், ஆள் உயர எவர்சில்வர் தொட்டிகளுக்கு நடுவே போய் நின்றிருக்கிறார். அது பீர் ஆலை. பெரிய கம்பெனி இல்லை, நாலு பேர் சேர்ந்து சொந்தமாக நடத்துவது. கோதுமையில் ஒன்று, மாம்பழம் போட்டு ஒன்று, அக்கா கல் பொறுக்கிய கவுனி அரிசியில் கருஞ்சிவப்பாக ஒன்று. அந்தக் கவுனி பீர் ஷீலாவே யோசித்துச் செய்தது. வருகிறவர்கள் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்களாம்.

பெருமைப்படுவதா திட்டுவதா என்று மச்சானுக்குப் புரியவில்லை. அவர் தொட்டிகளைச் சுற்றிப் பார்க்கும்போதே, ஷீலா மாற்றிக்கொண்டிருந்த குழாயிலிருந்து நுரை பீய்ச்சி அவர் சட்டையை நனைத்துவிட்டது. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நாள் முழுக்க அந்த வாடையிலேயே கிடக்கிறவள். "அம்மாட்ட மட்டும் சொல்லிறாதீகப்பா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்று தலையாட்டினார். அலசிப் பார்த்தும் வாடை போகவில்லை. மாற்றுச் சட்டையும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் அக்கா வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மச்சான் வாசலில் நின்று 'ஹா' என்றார். அக்கா வாயை மோந்தாள், சட்டையை மோந்தாள், மறுபடி வாயை மோந்தாள்.

"எங்க போய்க் குடிச்சீக?"

"குடிக்கலடி."

"அப்ப சட்டையில என்ன?"

மச்சான் என்னைப் பார்த்தார், நிலைப்படியைப் பார்த்தார். குடிக்காத மனுஷன் இப்படியா முழிப்பார் என்று எனக்கே சந்தேகம். அக்கா அழ ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீக?" என்று கத்தினேன்.

அக்கா ஷீலாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "உங்கப்பா சத்தியத்த மீறிட்டாகடி. உந்தலையில அடிச்ச சத்தியம்" என்று சொல்லும்போதே உடைந்துபோனாள். சொல்லாதே என்பதுபோல் மச்சான் போனைப் பார்த்துக் கையை ஆட்டினார். போனில் அவளுக்கு அது எங்கே தெரியப்போகிறது!

"அம்மா, அது அப்பா வாடை இல்ல. என் வாடை" என்றாள் ஷீலா. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

போனை வைத்த அக்கா, மச்சானின் சட்டையைக் கழற்றி வாங்கி, வாளித் தண்ணீருக்கு மேலே பிடித்தபடி நின்றாள். முக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"நான் கல்லு பொறுக்குன அரிசியா?"

மச்சான் தலையாட்டினார்.

"என்ட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"பிள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

அவள் கோபமாக இருக்கிறாளா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கே விளங்கியிருக்காது. சட்டையை மறுபடி மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஈஸ்டருக்கு வந்தப்ப அவ துணியிலயும் இதுதான் அடிச்சுச்சு. பிஸ்கட்டு வாசம்னு நெனச்சு, அவ போனப்பொறம் ரெண்டு நாளு துவைக்காம வச்சிருந்தேன்" என்றாள்.